வண்டி பின்னால் வருகிறது

"வண்டில ஒண்ணும் இல்ல மச்சான், நேத்துகூட நான் ஓட்டினப்போ..."

"ஒண்ணும் இல்லாமதான் நடு ஏத்தத்துல மூச்சு முட்டி நின்னுச்சா?"

"வண்டி நிக்கல, நீ நிறுத்தின! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம..."

"நானா நிறுத்தினேன்? ஆக்ஸிலேட்டர தரையோட தரையா மிதிச்சேன்! அதுக்கு மேல மிதிச்சா என் கால் ரோட்டுலதான் படணும்!"

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்!"

"மேடை கோணல்தான்! அண்ணே, அந்த வண்டிக்கு அடியிலேர்ந்து வெளிய வந்து நீயே பாத்துச் சொல்லு!"

மெக்கானிக் வெளியே வரவில்லை. வேறொருவருடைய காருக்கு அடியில், சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து கிடந்தபடி, இந்தச் சண்டை தானாக ஓய்ந்துவிடாதா என்று காத்திருந்தார். அங்கிருந்து பார்க்க அவருக்கு இரண்டு ஜோடிக் கால்கள்தான் தெரிந்தன. ஒரு ஜோடி, முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. அது அவருடைய தங்கையின் கணவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறார். ஊருக்கே அவர் வாத்தியார். இன்னொரு ஜோடி, வார் தேய்ந்த செருப்பு. அது தங்கை. வாத்தியாருடைய வலது ஷூ மட்டும் மனைவி வாய் திறக்கும்போதெல்லாம் தரையை ஒருமுறை அழுத்தி அழுத்தி எடுத்தது. மெக்கானிக் அதைப் பார்த்தார். பார்த்தாரே தவிர மனதில் வாங்கவில்லை.

"என்ன மாப்ள, காலங்காத்தால?" என்று உருண்டு வெளியே வந்தார்.

"காலங்காத்தாலயா? மணி பத்து! நாலு மணிக்கு எனக்கு டெஸ்ட்!" என்றாள் தங்கை.

டெஸ்ட் இன்றைக்குத்தான் என்பதை மெக்கானிக் மறந்தே போயிருந்தார்.

தங்கை ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறாள். ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு. எட்டு மணி நேரமும் நின்றபடி. நாலு வருடத்தில் அவளுடைய கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு வரைபடம் போட்டிருந்தது. அங்கே துணி கொண்டுபோகிற வேனுக்கு ஓட்டுநர் இடம் ஒன்று காலியாக இருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டினால் அந்த இருக்கை அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். "எனக்குச் சம்பளம்கூட ஏற வேணாம்ணே, உக்காந்து வேலை பாத்தாப் போதும்" என்று அண்ணனிடம் அவள் சொல்லியிருக்கிறாள். இரண்டு முறை டெஸ்டுக்குப் போய் இரண்டு முறையும் ஏற்றத்தில் தோற்றுவிட்டாள். மூன்றாவது முறையும் தோற்றால் ஆறு மாதம் டெஸ்ட் பக்கமே போக முடியாது. சட்டம் அப்படி.

"சரி, எப்ப இழுக்க மாட்டேங்குது?" என்று மெக்கானிக் டாக்டர் மாதிரி கேட்டார்.

"இவ ஓட்டும்போது."

"இவரு பக்கத்துல உக்காந்து கத்தும்போது."

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க!"

"மச்சான், ஒரே வண்டி. காலையில ஆறு மணிலேர்ந்து நாலு பேரு ஓட்டறாங்க. குதிரை மாதிரி போவுது. இவ உக்காந்தா மட்டும் கழுதை ஆயிடுது. அப்ப கோளாறு குதிரைலயா?"

"பாத்தியாண்ணே, கழுதைங்கறாரு."

"உன்னச் சொல்லலடி, வண்டியச் சொன்னேன்."

"மாப்ள, உங்களுக்குப் பதினோரு மணி வகுப்பு இருக்கில்ல? இன்னொரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டு ஒரு மணிக்கு வாங்க. பாப்பா, நீ இங்க உக்காரு" என்று ஒரு பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டார். நாற்பத்தைந்து வயதுப் பாப்பா அதில் உட்கார்ந்துகொண்டாள்.

பானெட்டைத் திறந்ததும் மெக்கானிக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. காற்று வடிகட்டியை வெளியே எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். விதை போட்டால் முளைக்கிற அளவுக்கு மண் கொட்டியது.

"இந்தா பாரு. இதுதான் உன் எமன். மூக்க அடச்சிக்கிட்டு உன்னால ஏத்தம் ஏற முடியுமா?"

"நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" தங்கை எழுந்தே விட்டாள். "இத அவருகிட்ட காட்டணும். கொட்டாத, அப்படியே வையி."

அவள் அந்த மண்ணை ஒரு செய்தித்தாளில் அள்ளிப் பொட்டலம் கட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கையோடு கையாக மெக்கானிக் பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றினார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். நாலும் கறுத்திருந்தன, புதிது போட்டார். பின்னால் வந்து பார்த்தால் பிரேக் விளக்கு இரண்டும் எரியவில்லை. நாலு மாதத்தில் இது மூன்றாவது தடவை. பல்பு செய்தவனுடைய பரம்பரையையே ஒரு வாட்டி திட்டிவிட்டு அதையும் மாற்றினார்.

பட்டறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு ஏற்றம் உண்டு. டெஸ்ட் நடப்பதும் அங்கேதான். மெக்கானிக் தனியாகப் போய் ஏறிப் பார்த்தார். அம்பு மாதிரி போனது. சந்தேகத்துக்கு மூன்று பழைய பேட்டரி, ஒரு கியர்ப்பெட்டி, இரண்டு ஜாக்கி எல்லாவற்றையும் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு ஏறினார். அப்போதும் அம்புதான்.

ஒரு மணிக்கு வாத்தியார் வந்தார். தங்கை பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"என்னது இது?"

"உங்க குதிர தின்ன மண்ணு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சது மாப்ள. ரெண்டு பேரும் போய் ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை. போனவர்கள் பத்தே நிமிடத்தில் திரும்பினார்கள். வண்டி நிற்பதற்கு முன்பே இரண்டு பக்கக் கதவும் திறந்தன.

"அதே கதை மச்சான்!"

"அதேதாண்ணே! மிதிக்கிறேன் மிதிக்கிறேன், ஆமை கணக்கா ஊருது. நடுவுல நின்னே போச்சு."

"நான் தனியாப் போனேன், நல்லாப் போச்சே..."

"அதான் நானும் சொல்றேன்," வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டார். "ஊருல எல்லாருக்கும் போவுது."

மெக்கானிக்குக்கு முகம் தொங்கிவிட்டது. முப்பது வருடப் பட்டறை. இவர் கைபட்டுப் போன வண்டி அதே நாளில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. மறுபடியும் பானெட்டைத் திறந்தார். எஞ்சினில் அழுத்தம் சரி. கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்த்தார், இல்லை. புகைக்குழாய் அடைப்பா என்று கையை வைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல் முன் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சும்மா கையை வைத்தவர் 'ஆ' என்று உதறிக்கொண்டார்.

"என்னண்ணே?"

"சுடுது."

தங்கை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிச் சக்கரத்தின் நடுவில் வைத்து எடுத்தாள். 'சுர்' என்றது. "இது பருத்திக்கு வைக்கிற சூடு" என்றாள், சந்தேகமே இல்லாமல். "பட்டு வச்சா பொசுங்கிடும்."

சக்கரம் இப்படிச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று அர்த்தம். மெக்கானிக் நாலு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். ராட்டினமாய்ச் சுற்றின. ஒன்றும் பிடிக்கவில்லை. பிடிக்காத பிரேக் எப்படிச் சுடும்? பேய் பிடித்தால்தான் உண்டு.

"மாப்ள, நீங்க இங்கயே இருங்க. பாப்பா, நீ ஓட்டு. நான் பக்கத்துல வரேன்."

பயிற்சிப் பள்ளி வண்டி என்பதால் பக்கத்து இருக்கையின் முன்னாலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் யார்மேலாவது ஏற்றப் போனால் வாத்தியார் மிதித்து நிறுத்துவதற்காக. மெக்கானிக் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி ஏற்றத்தின் அடிக்கு வந்தது. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு, வழக்கம்போல ஆக்ஸிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தாள்.

அடுத்த நொடி வானம்தான் தெரிந்தது.

"பாப்பா! பாப்பா! ஏய்! தொட்டி! தண்ணித் தொட்டி!"

மெக்கானிக்கின் வலது கால், அவரைக் கேட்காமலே முன்னால் பாய்ந்து எதையோ மிதித்தது. தொட்டிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

"ஏறிடுச்சுண்ணே!" தங்கை ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டாள். "ஏறிடுச்சு! எப்படிண்ணே?"

மெக்கானிக் குனிந்து தன் காலுக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். போன கோடையில் கிளட்ச் மாற்றும்போது இரண்டு பக்கத்துப் பிரேக் மிதிக்கும் புது ரப்பர் போட்டது அவர்தான். ஓட்டுகிற பக்கத்து ரப்பரில் வரிகள் இன்னும் இருந்தன. வாத்தியார் பக்கத்து ரப்பர் வழுக்கைத் தலையாகத் தேய்ந்து, நடுவில் இரும்பே எட்டிப் பார்த்தது. எப்போதாவது ஒருமுறை மிதிப்பதற்காக வைத்த மிதி அது.

"என்னண்ணே அப்படிப் பாக்குற?"

"ஒண்ணும் இல்ல. ஒரு நட்டு விழுந்திடுச்சு."

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் வாத்தியாரை மறுபடி வண்டியில் ஏற்றினார். "ரெண்டு பேரும் போங்க, நான் ஸ்கூட்டர்ல பின்னால வந்து புகை பாக்குறேன்" என்றார். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டி ஏற்றத்தில் கால் வைத்ததும், காலையில் அவர் கையாலேயே போட்ட புத்தம் புது பல்பு இரண்டும் சிவப்பாக எரிந்தன. அடியில் எரிந்தன. பாதியில் எரிந்தன. வண்டி மூச்சுத் திணறி நின்றபோதும் எரிந்தன. தங்கை உள்ளே ஆக்ஸிலேட்டரை உயிரைக் கொடுத்து மிதிக்கிறாள், எஞ்சின் ஓலமிடுகிறது, பின்னால் விளக்கு இரண்டும் கண்சிமிட்டாமல் எரிகின்றன. பல்பு அடிக்கடி போனதற்கு அந்தப் பல்புக்காரன் பரம்பரை காரணம் இல்லை என்று அப்போதுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. மனதுக்குள் அவர்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மணி இரண்டரை. தங்கையிடம் சொன்னால் நாலு மணிக்கு டெஸ்ட் நடக்காது, போர்தான் நடக்கும். மெக்கானிக் வாத்தியாரைத் தனியாகக் கம்ப்ரெஸர் பக்கம் கூட்டிப் போனார். அந்த இரைச்சலில் எதைப் பேசினாலும் வெளியே கேட்காது.

"மாப்ள, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"பாப்பா ஓட்டும்போது உங்க கால் எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும்? என் உடம்போடதான் இருக்கும்."

"இல்ல, பிரேக் மேல..."

வாத்தியார் நிமிர்ந்தார். ஐந்தரை அடி மனிதர் ஆறடியானார். "மச்சான், பதினாறு வருஷத்துல ரெண்டாயிரம் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த கால் இது. நான் சொல்லாம இது அசையாது. என் பொண்டாட்டி பேச்சக் கேட்டு என் கால் மேலயா பழி போடுறீங்க?"

"அவ சொல்லல, விளக்கு எரியறத நான் பாத்தேன்..."

"பல்பு மாட்டத் தெரியல, அத சொல்லுங்க!"

இனிப் பேசிப் பயனில்லை. மெக்கானிக் அலமாரியைக் குடைந்தார். அந்த மிதியை யாராவது தொட்டால் சத்தம் போடுகிற மாதிரி ஏதாவது வேண்டும். கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். போன மாதம் ஒரு குப்பை லாரியிலிருந்து கழற்றிய கருவி. லாரி பின்னால் போகும்போது ஒரு பெண் குரல் அறிவிக்குமே, அது. வேறு வழியில்லாமல் அதையே எடுத்து வாத்தியார் பக்கத்து மிதியில் மட்டும் இணைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைத்தார்.

"என்னண்ணே பண்ற?"

"எர்த் ஒயர் லூசா இருக்கு."

மூன்று பேரும் புறப்பட்டார்கள். மெக்கானிக் பின் சீட்டில். பட்டறை வாசலைத் தாண்டும்வரை அமைதி. தங்கை இரண்டாவது கியர் போட்டாள்.

'கவனம்! வண்டி பின்னால் வருகிறது! தயவுசெய்து விலகி நிற்கவும்!'

தெருவில் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"யாருண்ணே பேசறது?"

'கவனம்! வண்டி பின்னால் வருகிறது!'

"நான் முன்னாலதானே போறேன்! என்னங்க, நான் முன்னாலதானே போறேன்?"

"ஷார்ட் சர்க்யூட்," என்றார் வாத்தியார். "உங்க அண்ணன் தொட்ட வண்டி ஆச்சே."

ஏற்றம் முழுக்க அந்தக் குரல் விடவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டினார். நடு ஏற்றத்தில் வண்டி வழக்கம்போல நின்றது. குரல் நிற்கவில்லை. "தயவுசெய்து விலகி நிற்கவும்" என்று அந்தக் குரல் மூன்றாம் முறை கெஞ்சியபோது, மெக்கானிக் முன்னால் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, கொஞ்சம் கீழ குனிஞ்சு பாருங்க."

வாத்தியார் பார்த்தார். தங்கையும் பார்த்தாள்.

பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ, தன் வீட்டுத் திண்டில் சாய்ந்திருப்பது போல, மிதிமேல் சுகமாக இருந்தது. வாத்தியார் அதை யாரோ அந்நியன் கால் மாதிரி பார்த்தார். பிறகு மெல்லத் தூக்கினார். குரல் பாதி வார்த்தையில் அறுந்தது.

தங்கை கைப்பிரேக்கை இழுத்தாள். சத்தம் போடுவாள் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். அவள் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ரெண்டு தடவ," என்றாள் கடைசியில். "ரெண்டு தடவயும் இதே இடம். அத்தன பசங்க முன்னாடி, 'சிலருக்கு ஏத்தம் வராது, விடுங்க'ன்னு சொன்னீங்க."

"நான் வைக்கல. சத்தியமா எனக்குத் தெரியாது. அதுவா போயிருக்கு."

"அதுவா போறதுக்கு அது என்ன பக்கத்து வீட்டுப் பூனையா?"

"மத்தவங்க ஓட்டும்போது போகலையே மாப்ள?" என்று மெக்கானிக் சமாதானத்துக்காகக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

வாத்தியார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "மத்தவங்க எங்க போய் முட்டினா எனக்கென்ன மச்சான். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

ஒரு கணம் மெக்கானிக்குக்கு மனசு இளகியது. தங்கைக்கு இளகவில்லை.

"பயம் உங்களுக்கு, ஃபெயில் மட்டும் எனக்கா?"

மணி மூன்று. இனிச் சண்டைக்கு நேரமில்லை, அது எங்கும் ஓடிப்போகாது, ராத்திரிக்கு இருக்கும் என்று தங்கையே சொல்லிவிட்டாள். இப்போது வேறு சிக்கல். இத்தனை மாதமாக அவள் பழகியது பிரேக் பிடித்த வண்டியில். கால் நேராகத் தரைக்குத்தான் போகும். அப்படி மிதித்தால் இன்ஸ்பெக்டரோடு தண்ணீர்த் தொட்டிக்குள்தான் இறங்க வேண்டும்.

"பாதி மிதி பாப்பா. பாதி போதும். முட்டைய மிதிக்கிற மாதிரி."

"எதுக்கு முட்டைய மிதிக்கணும்?"

"சரி, தூங்கற குழந்தை கால் மேல கைய வைக்கிற மாதிரி."

"அது தெரியும்."

அவள் பழகினாள். வாத்தியாரும் பழகினார். அவர் பாடுதான் பெரும்பாடு. காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்தார். வளைவு வந்ததும் கால் நழுவிப் போய், 'கவனம்!' என்றது குரல். ஒரு காலால் இன்னொரு காலைப் பின்னிப் பூட்டினார். ஒரு பஸ் எதிரே வந்ததும் இரண்டு காலும் சேர்ந்து போயின. ஷூவைக் கழற்றிப் பார்த்தார். வெறுங்காலும் வழியறிந்தே வைத்திருந்தது. கடைசியில் மெக்கானிக்தான் சொன்னார்.

"சம்மணம் போட்டு உக்காருங்க மாப்ள."

"இந்தப் பேன்ட்டுலயா?"

"எனக்காக உக்காருங்க," என்றாள் தங்கை. அதில் இருந்தது கெஞ்சலா மிரட்டலா என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியவில்லை.

"அந்தக் கருவிய இப்ப கழட்டிடலாமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இருக்கட்டும்ணே. அது இருந்தாத்தான் அவரு கால் கீழ இறங்காம இருக்கும்."

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் அட்டையோடு வந்து பின் சீட்டில் ஏறினார். பயிற்சி வண்டியில் டெஸ்ட் என்றால் வாத்தியார் பக்கத்து இருக்கையில் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் உதவிக்குப் பிரேக்கைத் தொட்டுவிட்டால் அந்த நொடியே தோல்வி. அதுவும் விதிதான். மெக்கானிக் ஏற்றத்தின் அடியில், ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறந்த ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"என்ன வாத்தியாரே, காலுக்கு என்ன?"

"சுளுக்கு சார்."

"ரெண்டு காலுமா?"

"ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் பரவிடுச்சு சார்."

இன்ஸ்பெக்டர் இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பார்த்தவர். "ம், ஆரம்பிங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

வண்டி நகர்ந்தது. மெக்கானிக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் குரல் ஒருமுறை வாய் திறந்தால் தங்கை இன்னும் ஆறு மாதம் நிற்க வேண்டும். ஆறு மாதம்கூட இல்லை, அந்த வேனே போய்விடும்; அப்புறம் ஆயுசுக்கும் நிற்க வேண்டும். ஏற்றத்தில் பாதி போனதும் விதிப்படி வண்டி நின்றது. பின் விளக்கு இரண்டும் எரிந்தன. குரல் இல்லை, அப்படியானால் மிதித்தது தங்கையின் கால்தான். மெக்கானிக் மூச்சை விட்டார்.

இப்போது பின்னால் உருளாமல் கிளம்ப வேண்டும். எஞ்சின் உறுமியது. விளக்கு அணைந்தது. வண்டி ஒரு விரல்கடை பின்னால் வந்தது.

"தூங்கற குழந்தை," என்று மெக்கானிக் யாருமில்லாத தெருவைப் பார்த்துச் சொன்னார். "தூங்கற குழந்தைம்மா."

வண்டி நின்றது. பிறகு ஏறியது. குதிக்கவில்லை, திணறவில்லை, மாடிப்படி ஏறுகிற பழகிய மனுஷி மாதிரி நிதானமாக ஏறி, மேலே வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றது.

மெக்கானிக் கையெடுத்துக் கும்பிடப் போனார். அப்போது உச்சியிலிருந்து கேட்டது:

'கவனம்! வண்டி பின்னால் வருகிறது! தயவுசெய்து விலகி நிற்கவும்!'

ஸ்கூட்டர் கீழே விழுந்தது. அதை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மெக்கானிக் ஏற்றம் முழுக்க ஓடினார். அறுபது வயசுக்கு அது ஓட்டமே இல்லை என்றாலும் அவரைப் பொறுத்தவரை ஓட்டம்தான். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் எஞ்சினுக்கும் சக்தி போயிருந்தது.

"சார்... சார்... அது வந்து..."

இன்ஸ்பெக்டர் வண்டிக்கு வெளியே நின்று அட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியார் கதவைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தார்.

"மரத்துப் போச்சு மச்சான்," என்றார் பரிதாபமாக. "இறங்கலாம்னு கால தொங்கப் போட்டேன். அது பாட்டுக்கு அது மேலயே விழுந்துடுச்சு."

"கோட்டைத் தாண்டி, வண்டிய அணைச்சதுக்கு அப்புறம்தான் விழுந்துது," என்றார் இன்ஸ்பெக்டர். "அதனால பரவால்ல. ஆமா, இது எந்த விதியில வருது? பின்னால வருதுன்னு சொல்லிக்கிட்டு முன்னால போற வண்டி?"

அவர் சீட்டைக் கிழித்துத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி படித்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, காலையில் கட்டி வைத்த மண் பொட்டலத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

வாத்தியார் நொண்டிக்கொண்டே ஓட்டுகிற பக்கம் வந்தார். "சாவியக் கொடு. களைச்சிருப்ப."

"நான் உக்காந்துதானே இருந்தேன், எனக்கென்ன களைப்பு?" என்றாள் அவள். "நீங்க பின்னால ஏறுங்க. அண்ணே, நீ முன்னால வா."

வாத்தியார் பதினாறு வருடத்தில் முதல் முறையாகத் தன் வண்டியின் பின் சீட்டில் ஏறினார். எங்கே உட்காருவது என்று தெரியாதவர் மாதிரி முதலில் நடுவில் உட்கார்ந்து, பிறகு தங்கையின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். மெக்கானிக் முன்னால் ஏறி, முன்னெச்சரிக்கையாக இரண்டு முழங்காலையும் கையால் பிடித்துக்கொண்டார்.

கடைத்தெரு முனையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. தங்கை வேகத்தைக் குறைத்துச் சரியாகத்தான் திருப்பினாள். ஆனால் மெக்கானிக்கின் வலது கால் கையை உதறிக்கொண்டு போயிருந்தது.

'கவனம்! வண்டி...'

"அண்ணே!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!"

அந்த மிதிக்கு ஏதோ வசியம் இருக்கிறது என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. காலை இருக்கைமேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். வண்டி நல்ல வேகம் எடுத்தது. எஞ்சின் பாடியது. காலையில் போட்ட வடிகட்டி, பிளக் எல்லாம் தன் வேலையைச் செய்வது கேட்கக் கேட்க அவருக்கு இனித்தது. சந்தை தாண்டியதும் எதிரே மறுபடி ஒரு பஸ் வந்தது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து மெல்லிய ஒரு சத்தம், ரப்பர் விரிப்பின்மேல் ஷூ அழுந்துகிற சத்தம். கூடவே தங்கையின் இருக்கை முதுகு ஒரு விரல் அளவு முன்னால் வந்தது.

அவள் திரும்பவில்லை. கையைத் தூக்கி மேலே இருந்த கண்ணாடியை மட்டும் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்தாள்.

"என்னங்க, இப்ப உங்க கால் எங்க இருக்கு?"